சோர்னு மட்டும் சொல்லிடாதே

— …இல்லடி, அந்த காஃப் வேற, இந்த காஃப் வேற.

— ரெண்டும் காஃப்தானே அண்ணி?

— ஒண்ணு இருமல். ஒண்ணு கெண்டைக்கால். டாக்டர் காலைத் தொட்டு ‘காஃப்’னு சொன்னா, நீ பாட்டுக்கு இருமிக் காட்டாதே.

— தொண்டையைத் தொட்டுச் சொன்னா?

— அப்ப இருமு.

— இதுக்கு ரெண்டு வார்த்தை வச்சிருக்கக் கூடாதா அவங்க?

— இன்னும் இருக்கு, கேளு. இந்தக் கெண்டைக்கால் காஃப் இருக்கே, அதுக்கு இன்னொரு அர்த்தம் கன்னுக்குட்டி.

— என் கால்லயா?

— நாம மட்டும் என்ன ஒழுங்கு? நாம கெண்டை மீனை விட்டு வச்சிருக்கோம், அவங்க கன்னுக்குட்டியைக் கட்டி வச்சிருக்காங்க. அப்படியே தொடைக்குப் பின்பக்கம் போ. ஹாம்ஸ்ட்ரிங். ஹாம்னா பன்னிக்கறி.

— ச்சீ!

— காலா இது, சந்தையா?

— அண்ணி, மெதுவா. அந்தப் பச்சை ஜெர்சிப் பொண்ணு நம்மளையே பார்க்கறா.

— பார்க்கட்டும். அவ கால்லயும் பன்னி இருக்கு… சரி, அடுத்தது. கிராம்ப்.

— பல்வலிக்கு வைப்பமே!

— அது கிராம்பு. இது கிராம்ப். ஓடும்போது சதை திடீர்னு இழுத்துப் பிடிச்சுக்கும்ல, அது.

— அதுக்கு நாங்க ‘ஐயோ அம்மா’ன்னுதான் சொல்லுவோம்.

— டாக்டருக்கு அந்த அம்மாவைத் தெரியாது. இங்கிலீஷ் மட்டும்தான் அவருக்கு. ‘ஆர் யூ ஃபிட்’னு கேட்டா ‘யெஸ், ஃபிட்’. அதோட நிறுத்திக்கணும். தேங்க்ஸுக்கு ஸ் போடற மாதிரி இதுக்கும் போட்டேன்னு வை, ‘ஃபிட்ஸ்’. வலிப்புன்னு எழுதிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாரு.

— ஒரு ஸ்ஸுல என் பொழைப்பே போயிடுமா?

— போயிடும். ‘டூ யூ ஒர்க் அவுட்’னா தினமும் உடற்பயிற்சி பண்றியான்னு அர்த்தம். ‘இன்னும் ஒர்க் அவுட் ஆகலை சார், பேசிட்டு இருக்கோம்’னு சொல்லி வைக்காதே.

— அது உங்க தம்பி கல்யாணப் பேச்சு.

— அதேதான். அது ஒர்க் அவுட் ஆகாது, விடு. பெஞ்சை ஆட்டாதே.

— நானா ஆட்டறேன்? நீங்கதான் ஆட்டறீங்க.

— நான் ரெண்டு காலையும் ஆட்டறேன், ஒத்துக்கறேன். எனக்குப் படபடப்பு. நீ வலது காலை மட்டும் ஆட்டறே. இடது கால் மௌன விரதம் இருக்கற மாதிரி அசையாம நிக்குது.

— …

— வலிக்குதா?

— இல்லை.

— இல்லைன்னு சொல்ல இவ்வளவு யோசனையா?

— அண்ணி, டாக்டர் கேக்கறதுக்கு மேல நீங்க கேக்கறீங்க.

— இன்னிக்கும் காலைல குளிச்சிட்டுச் சுவரைப் பிடிச்சுக்கிட்டே வந்தே.

— தரை வழுக்குச்சு.

— அதே தரையிலதான் நான் சோப்புத் தண்ணியோட நடந்து வந்தேன். நான் நடக்கற அழகுக்கு நானே விழலை.

— ஒண்ணுமில்லை அண்ணி. கோச் ஸ்ப்ரே அடிச்சு விட்டிருக்காரு. மாத்திரையும் போட்டாச்சு.

— எத்தனை வாரமா?

— எண்ணலை.

— எண்ணாத அளவுக்கா?

— கெஞ்சிக் கேக்கறேன், இப்ப இதை ஆரம்பிக்காதீங்க. இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் கிளப்புல ஒரே ஒரு இடம்தான் இருக்கு. இந்தப் பக்கம் இத்தனை பேர் உக்காந்திருக்கோம். வலிக்குதுன்னு ஒரு வார்த்தை வந்தா பேரை அடிச்சிடுவாங்க. கோச் சொல்லித்தான் அனுப்பினாரு, ‘எது கேட்டாலும் நோ பெயின், நோ பெயின்’னு.

— அதுக்கு எதுக்கு என்னைக் கூட்டிட்டு வந்தே? ‘நோ பெயின்’ சொல்ல ஒரு கிளி போதுமே.

— டாக்டர் ஒரே கேள்வியைச் சுத்திச் சுத்திக் கேப்பாராம். எந்த மாதிரி இருக்கு, எப்ப இருக்கு, எங்க இருக்குன்னு. உங்களுக்குத்தானே இங்கிலீஷ் தெரியும். நீங்க உள்ள வந்து பேசுவீங்கன்னு நினைச்சேன். இப்பப் போய் கூட வந்தவங்க வெளியில இருக்கணும்னு சொல்லிட்டாங்க.

— நானும் அப்படித்தான் நினைச்சு வந்தேன்.

— எப்படி?

— உள்ள வந்து பேசலாம்னு. விடு. ஒத்திகை பார்ப்போம். நான்தான் டாக்டர். நிமிர்ந்து உக்காரு. ‘குட் மார்னிங். ஹவ் மே ஐ ஹெல்ப் யூ? மாடல் நம்பர் சொல்லுங்க மேடம்.’

— அண்ணி!

— வாய் பழகிடுச்சுடி. நாள் பூரா வாஷிங் மெஷின் கம்ப்ளைன்ட் எடுக்கறவளைக் கூட்டிட்டு வந்தா இப்படித்தான். தண்ணி ஒழுகுதா, சத்தம் வருதா, சுத்தாம நின்னு போச்சா. இந்த மூணுக்கும் எங்கிட்ட இங்கிலீஷ் இருக்கு.

— எனக்கு மூணுமே இல்லை.

— நல்ல மெஷின். எதுக்கும் ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரு.

— சிரிக்க வைக்காதீங்க, நெஞ்சு படபடங்குது.

— எனக்கு மட்டும் என்ன? ஜிம்முக்குன்னு போய் வாசல்ல நின்னு போட்டோ எடுத்துட்டு வந்தவ நான். உடம்பைப் பத்தி நான் பாடம் எடுக்கறேன். என் கெட்ட நேரமா, உன் கெட்ட நேரமா தெரியலை.

— கதவு திறக்குது… இல்லை, வேற பேரு.

— உக்காரு. இனிமே வர்றதுதான் முக்கியம். முட்டிக்குக் கீழ முன்பக்கம் ஒரு எலும்பு ஓடுதில்ல, அதுக்குப் பேரு ஷின்.

— ஷின்.

— அதை விரலால அமுக்கிக்கிட்டே வருவாரு. ‘ஹவ் டஸ் இட் ஃபீல்’னு கேப்பாரு. எப்படி இருக்குன்னு அர்த்தம். அதுக்கு ஒரே ஒரு வார்த்தையில பதில்.

— சொல்லுங்க.

— …

— அண்ணி?

— இரு… ‘சோர்’னு ஒண்ணு இருக்கு.

— சோறா?

— உனக்கு எப்பவும் அதே நினைப்பு. சோர்.

— சோர்னா… சோர்வா?

— …ஆமா. அதேதான். கரெக்டாப் பிடிச்சிட்டே. அதனால சோர்னு மட்டும் சொல்லிடாதே. இவளுக்குத் தெம்பே இல்லைன்னு நினைச்சிடுவாரு.

— அப்ப எதைச் சொல்லணும்?

— ‘ஷார்ப்.’

— அது கூர்மை இல்லையா? கத்தி, ஊசி…

— அது கத்திக்கு. ஆளுக்குச் சொன்னா சுறுசுறுப்பு. எங்க ஆபீஸ்ல சொல்லுவாங்க, ‘ஷீ இஸ் வெரி ஷார்ப்’னு.

— உங்களையா?

— பக்கத்து சீட்டை.

— சரி. அமுக்கினா, ஷார்ப்.

— எங்க அமுக்கும்போது… எங்க உனக்கு… எங்க அமுக்கினா உனக்கு ஒரு மாதிரி இருக்கோ, அங்க சொல்லு. எல்லா இடத்துலயும் சொல்லாதே. மனப்பாடம் பண்ணிட்டு வந்தவன்னு தெரிஞ்சிடும்.

— ‘வெரி ஷார்ப்’னா இன்னும் நல்லதா?

— …ம். இன்னும் நல்லது.

— முகம் ஏன் அண்ணி இப்படி ஆயிடுச்சு?

— ஏசி ஒத்துக்கலை.

— இங்க ஏசி எங்க இருக்கு?

— இல்லையா? அதான் ஒத்துக்கலை. தண்ணி குடிக்கிறியா?

— இப்பத்தானே குடிச்சேன்.

— அப்ப நான் குடிக்கிறேன்.

— அண்ணி, பாட்டில் தலைகீழா இருக்கு.

— தெரியும்… ஐயோ, புடவை பூரா…

— கூப்பிடறாங்க. என் பேருதானே அது?

— உன் பேருதான். இழுத்து இழுத்துப் படிக்கறா. போ… இரு, முடியை… சரி, போ. நேரா நட.

— நேராத்தான் நடக்கறேன்.

— ஆமாமா. நேராத்தான்.

*

— ஹலோ… என்ன, சத்தமா இருக்கு? எங்க இருக்கீங்க?

— லிஃப்ட் மேல.

— லிஃப்ட்டுக்குள்ளயா?

— மேலன்னா மேல. கூண்டுக் கூரை மேல நின்னுக்கிட்டு இருக்கேன். மோட்டாரைப் பிரிச்சுப் போட்டிருக்கு. பாப்பா உள்ள போயிட்டாளா?

— இப்பத்தான் போனா. கூரை மேல நின்னுக்கிட்டா போன் பண்ணுவீங்க? இறங்குங்க முதல்ல.

— கீழ இறங்கினா மேஸ்திரி இருக்காரு. காலைலேர்ந்து ஒரு போல்ட்டு கையில நிக்கமாட்டேங்குதுடி. எல்லாம் நழுவி நழுவிக் கீழ போகுது. கீழ ஒருத்தன் திட்டிட்டே இருக்கான்.

— அவன் தலையில விழலையே?

— தோள்ல. பாஸ் ஆயிடுவாதானே?

— ஆவா… ஆகணும்னா ஆவா.

— இது என்ன பதில்? ஆவாளா, ஆகமாட்டாளா?

— இது என்ன கரண்ட் பில்லா, உடனே சொல்றதுக்கு? உள்ள போயிருக்கா. அமுக்குவாங்க, தட்டுவாங்க, பார்ப்பாங்க.

— ஒர்க் ஷாப்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.

— என்னன்னு?

— பாப்பா கிளப்புல சேர்ந்துட்டான்னு.

— இன்னும் சேரவே இல்லைங்க! ஏன் சொன்னீங்க?

— வாயில நிக்கலை. கூடப் பொறந்தவ இந்த ஓட்டம் ஓடறா, நான் வாயில போல்ட்டை வச்சுக்கிட்டு நிக்கணுமா?

— அவ காலைப் பார்த்தீங்களா நீங்க, இப்பக் கிட்டத்துல?

— ஓடறவ கால் எங்க கண்ணுக்குத் தெரியுது? ஏன், கால்ல என்ன?

— ஒண்ணுமில்லை. கன்னுக்குட்டி.

— என்னது?

— கெண்டைக்காலுக்கு இங்கிலீஷ்ல கன்னுக்குட்டின்னு பேரு. சொல்லிக் குடுத்தேன்.

— எல்லாம் சொல்லிக் குடுத்துட்டே இல்ல?

— குடுத்துட்டேன்.

— அதான் தைரியம். நீ கூட இருக்கேல்ல. நானா இருந்தா ‘யெஸ் சார், நோ சார்’ ரெண்டையும் மாத்திச் சொல்லி வச்சிருப்பேன்.

— ஏங்க…

— ம்?

— நான் ஒண்ணு பண்ணிட்டேன்.

— என்ன பண்ணினே?

— …

— ஹலோ? லைன் இருக்கா?

— குடையை பஸ்ல விட்டுட்டேன்.

— குடைக்கா மூக்கை உறிஞ்சறே?

— நல்ல குடைங்க அது.

— போனாப் போகுது, விடு. வெயிலும் இல்லை, மழையும் இல்லை… இரு, கீழேர்ந்து கூப்பிடறாங்க. வெளிய வந்ததும் போன் பண்ணு. முதல்ல எனக்கு. அம்மாவுக்கு அப்புறம்.

— பண்றேன். இறங்குங்க அங்கேர்ந்து. பார்த்து. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இறங்குங்க.

*

— என்னடி இது? கால்ல என்னத்தை மாட்டி விட்டிருக்காங்க?

— பூட்ஸ். ஒத்தைக் காலுக்கு மட்டும்.

— நம்ம வீட்டு மிக்ஸி சைஸுல இருக்கு… உக்காரு. உக்காரு முதல்ல. ஏன் இவ்வளவு நேரம்? பச்சை ஜெர்சி போயிட்டு வந்துட்டா, அதுக்கப்புறம் ரெண்டு பேர் போயிட்டு வந்துட்டாங்க, இந்த நடையை நான் தேய்ச்சு எடுத்துட்டேன்.

— படம் எடுக்கக் கூட்டிட்டுப் போனாங்க. வேற கதவு.

— படமா? எதுக்கு… என்ன சொன்னாங்க?

— எலும்புல கீறல். முடி மாதிரி, மெலிசா. டாக்டர் ஒரு பென்சிலை எடுத்து லேசா வளைச்சுக் காட்டினாரு. டப்புனு ரெண்டாப் போச்சு. இன்னொரு பந்தயம் ஓடியிருந்தா இப்படின்னாரு. அதுக்கு மட்டும் இங்கிலீஷ் வேண்டியிருக்கலை.

— ஐயோ… ஐயோ, என் குதிரையே…

— அழாதீங்க அண்ணி. பார்க்கறாங்க.

— எப்படிக் கண்டுபிடிச்சாரு?

— அமுக்கிக்கிட்டே வந்தாரு. மேல ஒண்ணும் சொல்லலை. நடுவுல வந்ததும் ‘ஷார்ப்’னேன். கையை எடுத்துட்டாரு. திரும்பவும் அதே எடத்துல விரலை வச்சாரு. ‘வெரி ஷார்ப்’னேன். பேனாவைக் கீழ வச்சிட்டு எழுந்திருச்சு நின்னுட்டாரு.

— இடம்?

— பச்சை ஜெர்சிக்குப் போகும்போல. அடுத்த சீசனுக்கு வான்னாங்க. தோள்ல தட்டித்தான் சொன்னாங்க. நிஜமாச் சொன்னாங்களோ, தட்டறதுக்காகச் சொன்னாங்களோ.

— ஓடவே கூடாதா இனிமே?

— ஓடலாம், எலும்பு கூடறவரைக்கும் கூடாதாம். ‘ரெஸ்ட், ரெஸ்ட்’னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அண்ணனுக்கு யார் சொல்றது?

— நான் சொல்றேன். அவர் கூரையிலேர்ந்து இறங்கினதும் சொல்றேன்… இங்க பாரு. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— சொல்லுங்க.

— நீ அந்தப் பக்கம் பார்த்துக்கோ. முகத்தைப் பார்த்தா எனக்கு வராது.

— பார்த்துட்டேன். சுவர்தான் தெரியுது.

— சோர்னா சோர்வு இல்லை. சோர்னா சாதா வலி. ஓடறவங்க எல்லாருக்கும் இருக்கற அசதி வலி. அதைச் சொல்லியிருந்தா, சரி போன்னு விட்டிருப்பாரு. ஷார்ப்னா… ஷார்ப்னா சுருக்குனு குத்தற வலி. அந்த வார்த்தை வந்தா எந்த டாக்டரும் விடமாட்டாங்க. தெரிஞ்சுதான் மாத்திச் சொல்லிக் குடுத்தேன்.

— ம்.

— உள்ள வந்து நானே சொல்லிடலாம்னுதான் கிளம்பினேன். ராத்திரி பூரா இங்கிலீஷ்ல சொல்லிப் பார்த்து வச்சிருந்தேன். ‘சார், ஷீ இஸ் லையிங், ப்ளீஸ் சீ ஹெர் லெஃப்ட் லெக்’னு. வாசல்ல நிறுத்திட்டாங்க. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. அப்பத்தான் நீயே ‘சோர்வா’ன்னு எடுத்துக் குடுத்தே, நான் பிடிச்சுக்கிட்டேன்.

— ம்.

— என்னடி ம்மு? திட்டு. உன் இடத்தைப் பிடுங்கி அந்தப் பச்சைக்குக் குடுத்தவ நான்தான். வாஷிங் மெஷின்காரின்னு நம்பி வந்தேனே, என் காலைக் கழுவி ஊத்திட்டியேன்னு கேளு.

— நீங்களே நல்லாத் திட்டிக்கறீங்க. நான் எதுக்குக் குறுக்க?

— விளையாடாதே. இனி எங்கூடப் பேசமாட்டியா?

— பேசிக்கிட்டுதானே இருக்கேன்.

— கோவமே வரலையா உனக்கு? அதான் எனக்குப் பயமா இருக்கு.

— போன மாசம் பந்தயத்துல பக்கத்துக் கோட்டுல ஓடினவ பாதியில விழுந்தா. ஓடிப் போய்த் தூக்கினேன். தமிழ் தெரியாதவ, காலைப் பிடிச்சுக்கிட்டு ஒரே வார்த்தையைக் கத்தறா, ‘ஷார்ப், ஷார்ப், ஷார்ப்’னு. ஸ்ட்ரெச்சர் கொண்டு வந்து அள்ளிக்கிட்டுப் போனாங்க. சுறுசுறுப்பா இருக்கறவளை யாரும் ஸ்ட்ரெச்சர்ல போடமாட்டாங்க அண்ணி.

— …அடிப்பாவி.

— இப்பத் திரும்பலாமா? சுவர் போரடிக்குது.

— தெரிஞ்சுக்கிட்டே, ‘வெரி ஷார்ப் இன்னும் நல்லதா’ன்னு எங்கிட்டயே கேட்டே!

— உங்க முகம் எப்படி ஆகுதுன்னு பார்த்தேன்.

— தெரியும்னா சோர்னு சொல்லிட்டு இடத்தை வாங்கிட்டு வந்திருக்கலாமே? ஒரு வார்த்தைதானேடி!

— அந்த ஒரு வார்த்தைதான் வாயில வரலை. ‘வலிக்குது’ன்னும் வரலை, ‘வலிக்கலை’ன்னும் வரலை. எதைச் சொன்னாலும் அது நான் சொன்னதா ஆயிடும். நீங்க சொல்லிக் குடுத்ததைச் சொல்லிட்டேன்.

— அது சரி… பழியைத் தூக்கி எந்தலையில வச்சிட்டே.

— கொஞ்ச நேரத்துக்கு வச்சுக்கோங்க. வீட்டுக்குப் போறதுக்குள்ள நானே வாங்கிக்கறேன்.

— சரி, எழுந்திரு. என்மேல சாஞ்சுக்கோ. நல்லாச் சாஞ்சுக்கோ, இந்த உடம்பு இன்னிக்காவது ஒரு வேலைக்கு ஆகட்டும்… ஏண்டி, உள்ள விட்டிருந்தா நானே உன்னை மாட்டிவிட்டிருப்பேன். அதுவாவது தெரியுமா உனக்கு? தெரிஞ்சிருந்தா என்னைக் கூப்பிட்டே இருக்கமாட்டே.

— கோச்சே நல்லா இங்கிலீஷ் பேசற ஆள் ஒருத்தரை என்கூட அனுப்பறேன்னுதான் சொன்னாரு, நான்தான் வேண்டாம்னுட்டேன்… நீங்க எப்படியும் என்னைக் காட்டிக் குடுத்துடுவீங்கன்னு தெரிஞ்சுதான் அண்ணி உங்களைக் கூட்டிட்டு வந்தேன்.